வால்வும் வாழ்வும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

நம் உடலில் ஓய்வறியாத உறுப்பு எது என்று கேட்டால் சிறுவனும் இதயம் என்று விடை கூறுவான். நிமிடத்திற்கு எழுபது துடிப்பு எனக் கொண்டால் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் நான்கு கதவுகள் திறந்து மூடுகின்றன. அவற்றையே வால்வுகள் என்கிறோம். இரத்தம் முன்னோக்கிச் செல்ல வழிவிடுவதும், திரும்பி வராமல் தடுப்பதும் அவற்றின் கடமைகள். இதயத்தைப் பற்றிப் பாடநூலில் பக்கம் பக்கமாகப் படிக்கும் நாம், இக்கதவுகள் பழுதுபட்டு மாற்றப்பட்ட ஒருவர் அதன் பிறகு எப்படி வாழ்கிறார் என்பதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அறுவை வெற்றி என்று கேட்டதும் நம் ஆர்வம் முடிந்துவிடுகிறது. நோயாளிக்கோ அங்கேதான் கதை தொடங்குகிறது. அக்கதையின் அறிவியலை நம் கல்லூரி மலர் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு வால்வுகளில் அதிகமாகப் பழுதடைவது இடது ஆரிக்கிளுக்கும் இடது வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவிலுள்ள ஈரிதழ் வால்வு. கசாப்புக் கடையிலிருந்து ஓர் ஆட்டின் இதயத்தை வாங்கி, மேற்புறத்தை நறுக்கி விலக்கிப் பாருங்கள். (பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் கடைக்காரர் தரமாட்டார், பாடத்திற்கு என்று சொன்னால் தருவார்.) வெண்ணிறப் பட்டுத்துணி போன்ற இரண்டு மடல்களும், அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நூல் போன்ற நாண்களும் தெரியும். பாராசூட்டின் கயிறுகளைப் போன்ற அமைப்பு அது. வளர்ந்த மனிதனில் இவ்வாயில் நன்கு திறக்கும்போது அதன் பரப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். மடல்கள் தடித்து ஒட்டிக்கொண்டு இப்பரப்பு ஒன்றரைக்கும் கீழே இறங்கினால் இரத்தம் பின்னே தேங்குகிறது. தேக்கம் நுரையீரலைத் தாக்குகிறது. அப்போது நடந்தால் மூச்சு வாங்கும். பின்னர் படுத்தாலே மூச்சு வாங்கும்.

மடல்களைத் தடிக்கச் செய்வது எது? நம் நாட்டில் பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் தொண்டைப் புண் வருகிறது. உடல் அதை எதிர்த்துப் போரிடுகிறது. போரிடும் அந்த எதிர்ப்பாற்றல் பகைவனையும் சொந்த வால்வையும் வேறுபடுத்தி அறியாமல் இரண்டையும் தாக்கிவிடுகிறது. சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து போய்விடும். வால்வில் விழுந்த வடு போவதில்லை. இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி வளர்ந்து நடுவயதில் வெளிப்படும். காய்ச்சல் வந்த காலத்திலேயே கண்டுபிடித்து, மூன்று அல்லது நான்கு வாரத்திற்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட்டுவந்தால் மறுதாக்குதலைத் தடுக்கலாம். இது நெரிசலான வீடுகளின் நோய், ஏழைகளின் நோய் என்று கூறினால் மிகையாகாது. செல்வ நாடுகளில் இது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

என் தாயாருக்கு வந்தது இதுவே. பத்து வயதில் முட்டி வீங்கிப் பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்ததாகவும், பிறகு பள்ளிக்கே போகவில்லை என்றும் சொல்வார். காவிரிப் பாசனப் பகுதியில் நாற்றுப் பறிப்பு, நடவு, களை எடுப்பு என்று கூலி வேலை செய்தவர். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் வாரத்தில், தமது 44ஆம் வயதில், அரசு காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அவருக்கு ஈரிதழ் வால்வு மாற்றப்பட்டது. நான் முதலாண்டு சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால், மருத்துவமனை தந்த தாள்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு தானாகவே என்னிடம் வந்தது. தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. விளக்கிச் சொல்ல அங்கு எவருக்கும் ஐந்து நிமிடம் இல்லை. ஆகவே அகராதியும் உடலியல் நூலும் நம் நூலகத்து மேசையும்தான் எனக்குத் துணை.

செயற்கை வால்வின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1952இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹஃப்நேகல் ஒரு பந்து வால்வை நோயாளியின் கீழிறங்கு பெருந்தமனியில் பொருத்தினார். இதயத்தைத் திறக்க அன்று வழியில்லை. மறு ஆண்டு ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றியுடன் பயன்படுத்தினார். 1960இல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற மருத்துவரும், லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வு பெற்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கிய கூண்டுப் பந்து வால்வு ஈரிதழ் வால்வின் இடத்தில் பொருத்தப்பட்டது. நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு சாயும் வட்டத் தகடு கொண்ட வால்வை உருவாக்கியது. முதல் மூன்று மாதிரிகள் தோல்வி கண்டன. நான்காவது மாதிரி 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட் கலந்த உலோகக் கலவையால் ஆன வளையம், மிக உயர்ந்த மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீன் தகடு, தையலுக்குப் பாலியெஸ்டர் துணி. குடமும் வாளியும் செய்யும் பிளாஸ்டிக்கின் நெருங்கிய உறவினர்தான் அந்தத் தகடு! சித்ரா வால்வு என்று வழங்கும் இதுவே என் தாயாரின் மார்பிலும் இருக்கிறது.

பன்றியின் வால்விலிருந்தும் மாட்டின் இதய உறையிலிருந்தும் செய்யப்படும் திசு வால்வுகளும் உண்டு. அவற்றிற்கு வாழ்நாள் முழுதும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து பொதுவாகத் தேவைப்படாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வயது குறைந்தவர்களில் இன்னும் விரைவாகவே தேயும். உலோக வால்வு நீண்ட நாள் உழைக்கும். மருந்து ஆயுள் முழுதும் வேண்டும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு இத்தேர்வு மிகக் கடினம். காரணம், அம்மருந்து கருவின் முதல் மாதங்களில் குறைபாட்டை உண்டாக்கக்கூடியது. மணமாகாத பெண்ணின் பெற்றோர் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் கேட்பதில்லை.

இனி, அறுவைக்குப் பிந்திய நாட்கள். அறுவையின்போது மார்பெலும்பு நெடுக அறுக்கப்படுகிறது. பொட்டாசியம் மிகுந்த கரைசலால் இதயம் நிறுத்தப்படுகிறது. சில மணி நேரம் இயந்திரமே இதயமாகவும் நுரையீரலாகவும் இயங்குகிறது. முடிவில் எலும்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். அக்கம்பி ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கும். எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம், நன்கு இறுக மூன்று மாதம். அதுவரை நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. கையை ஊன்றி எழலாகாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பந்துகள் கொண்ட கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளை உயர்த்தப் பழக வேண்டும். இல்லையேல் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கிவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் அக்கருவியை விளையாட்டுச் சாமான் என்று எண்ணி ஆளுக்கொரு முறை இழுத்துப் பார்க்க விரும்பினர். ஒரு நோயாளியின் வாய்க்கருவியைப் பிறர் தொடுவதில்லை என்று விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

எடையையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை அன்று, தேங்கிய நீர். உடனே மருத்துவரைக் காண வேண்டும். வீட்டில் எடை இயந்திரம் ஏது? கடைத்தெரு மளிகைக் கடையின் மேடைத் தராசில் காலையில் ஏறி நின்றுவிட்டு வருவார். மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியும் அதில் அடங்கிவிட்டது. முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுவது என்ற முறையில், தெருமுனை, மாரியம்மன் கோவில், மளிகைக் கடை என்று எல்லை நீண்டது.

உடல் இப்படிப் படிப்படியாகத் தேறியது. மனம் அவ்வழியில் வரவில்லை. வீடு வந்த நான்காம் நாள் காரணமின்றி அழுதார். உறக்கம் கெட்டது. சோறு மண்ணாகச் சுவைத்தது. அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்தது. “பிழைத்து வந்ததே பெரிது, அழலாமா?” என்று உறவினர் கடிந்துகொண்டனர். நூல்களைப் புரட்டியபோது இவை அனைத்தும் இத்தகைய அறுவைக்குப் பின் பலருக்கும் நேர்பவை என்று அறிந்தேன். இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்தவர்களில் சிலருக்கு நினைவும் கவனமும் சில வாரங்கள் மங்கியிருக்கும். மனத்தளர்ச்சி கணிசமானோரைப் பற்றும். நீடித்தால் அதற்கும் மருத்துவம் தேவை. இதை நான் படித்துச் சொன்னபோது, “அப்ப எனக்குப் புத்தி கெட்டுப் போகலியா தம்பி?” என்று கேட்டார். அந்த அச்சத்தை அவர் இரண்டு வாரமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். வலி குறைக்கும் மாத்திரைகளைவிட அந்த ஒரு தகவல் அவருக்கு நல்ல உறக்கம் தந்தது என்பது என் கணிப்பு.

‘வாழ்க்கைத் தரம்’ என்பதை மருத்துவ உலகம் அளக்க முயல்வது எனக்கு வியப்பூட்டிய செய்தி. 1928இல் நியூயார்க் இதயச் சங்கம் நோயாளிகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது: வேலை செய்தாலும் தொல்லை இல்லாதவர் முதல் வகுப்பு; அசையாமல் இருந்தாலும் தொல்லைப்படுபவர் நான்காம் வகுப்பு. இது மூச்சை அளக்கிறதே தவிர வாழ்வை அளக்கவில்லை. பின்னர் வந்த, 36 கேள்விகள் கொண்ட ஓர் அமெரிக்க வினாநிரல் உலகெங்கும் புகழ்பெற்றது. அதில் மிதமான வேலைக்கு எடுத்துக்காட்டாகத் தரப்படுபவை: மேசையை நகர்த்துதல், தூசி உறிஞ்சும் கருவியைத் தள்ளுதல், கோல்ஃப் ஆடுதல்! எங்கள் வீட்டில் மேசையும் இல்லை, மாடிப்படியும் இல்லை. நடவு நடும் ஒருத்தியை இந்த அளவுகோலில் எங்கே நிறுத்துவது?

இக்குறையை உலக சுகாதார நிறுவனமும் உணர்ந்தது போலும். 1991இல் அது தொடங்கிய திட்டத்தில் பல பண்பாடுகளைச் சேர்ந்த பதினைந்து மையங்கள் பங்கேற்றன. அவற்றுள் ஒன்று நமது சென்னை, அன்றைய மதராஸ்! அதன் பயனாக வந்த 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் உடல், உள்ளம், உறவு, சூழல் என நான்கு துறைகளைத் தொடுகிறது. பணம் போதுமா, உறக்கம் வருகிறதா, உன் தோற்றத்தை நீ ஏற்கிறாயா, வேலை செய்யும் ஆற்றலில் நிறைவு உண்டா என்றெல்லாம் கேட்கிறது. தோற்றம் பற்றிய கேள்வி தேவையற்றது என்றே முதலில் எண்ணினேன். பிறகு கவனித்தேன். கழுத்துக்குக் கீழே தொடங்கும் தழும்பை மறைக்க, புழுக்கத்திலும் என் தாயார் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டே இருந்தார்.

இக்கேள்விகளைத் தழுவி ஒரு நோட்டில் நானே சில கேள்விகளை எழுதி, ஞாயிறுதோறும் அவரிடம் கேட்டு விடையைக் குறித்து வந்தேன். குத்தவைத்து உட்கார்ந்து எழ முடிகிறதா? பேருந்துப் படி ஏற முடிகிறதா? அம்மியில் அரைக்க முடிகிறதா? தலை பின்னக் கை பின்னே போகிறதா? ஆறாம் வாரத்தில் பெரும்பாலானவற்றிற்கு ஆம் என்ற விடை வந்துவிட்டது; அம்மிக்கும் குடத்திற்கும் மட்டும் மருத்துவரின் தடை இருந்தது. ஆனால் கடைசியாக நான் வைத்திருந்த ‘மனநிறைவு உண்டா’ என்ற கேள்விக்கு விடை ஏறவே இல்லை. அவரே காரணம் சொன்னார்: “சும்மா ஒக்காந்து சோறு திங்கறவளா ஆயிட்டேன்.” அப்போது சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. விடியலில் நடவுப் பெண்கள் எங்கள் வாசலைக் கடந்து பேசிக்கொண்டே போவார்கள். அந்த நேரத்தில் அவர் திண்ணைக்கு வருவதில்லை.

என் தந்தையார் சுமை ஏற்றும் தொழிலாளி. தண்ணீர் பிடிப்பது, சமைப்பது ஆகியவற்றை நானும், துவைப்பதைப் பக்கத்து வீட்டுச் சித்தியும் பார்த்துக்கொண்டோம். என் குழம்பைப் பற்றி இங்கு எழுதாமல் விடுவது நலம். வலியை விட, பிறர் தம் வேலையைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவரை வாட்டியது. ஓய்வு என்பதை மருத்துவர் எழுதித் தருகிறார். வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு ஓய்வு எப்படிப் பழகும் என்பதை எவரும் எழுதித் தருவதில்லை. நாற்காலியில் அமர்ந்து அரிசி புடைப்பது, பூக்கட்டுவது போன்ற எடையற்ற வேலைகளைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். பூக்கட்டத் தொடங்கிய வாரத்தில் நோட்டில் முதன்முறையாக ‘பரவாயில்லை’ என்ற விடை பதிந்தது.

இரத்த உறைவுத் தடுப்பு மருந்தின் கதை சுவையானது. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் மாண்டன. 1933இல் ஓர் உழவர் பனிப்புயலில் உறையாத இரத்தத்தைப் பால் கேனில் சுமந்துகொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். அங்கு கார்ல் லிங்க் குழுவினர் அதன் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. நம் நாட்டில் இதே இனத்தைச் சேர்ந்த அசினோகூமரால் பெரிதும் வழங்கப்படுகிறது. கல்லீரல் வைட்டமின் கே துணையுடன் ஆக்கும் உறைவுக் காரணிகளான இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகியவற்றை இம்மருந்து குறைக்கிறது. அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம், வால்வே அடைபடலாம். அளவு மிகுந்தால் இரத்தம் கசியும். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் சோதனை. மருந்துண்ணாத நலமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 1. ஈரிதழ் வால்வின் இடத்தில் செயற்கை வால்வு உள்ளவருக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் வாரம் ஒரு சோதனை. அது புதன்கிழமை. எனக்குப் புதன்கிழமை செய்முறை வகுப்பு. வருகைப் பதிவு 75 விழுக்காடு வேண்டும் என்பதை நம்மில் யார் மறப்போம்? நான் விடுப்புக் கணக்குப் போடுவதைப் பார்த்துவிட்ட என் தாயார் ஒருநாள், “நல்லாத்தானே இருக்கேன், இனிமே மாத்திரை எதுக்கு, டெஸ்ட் எதுக்கு? நீ காலேஜுக்குப் போ” என்றார். அவ்வளவு எளிதாகச் சொன்னார். மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சோறு வடிக்கும் பானையில் கஞ்சி ஆடை படிவதைக் காட்டி விளக்கினேன். பிறகு நான் செய்த ஏற்பாடு இது: பேருந்து எண், இறங்குமிடம், அறை எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை உடன் சென்றேன். மூன்றாம் முறை அவர் தனியாகச் சென்று, 2.9 என்ற எண்ணைத் தாமே கேட்டு நினைவில் வைத்துக்கொண்டு திரும்பினார். எழுத்தறியாதவர் அன்று கொண்டுவந்த அந்த எண்ணை நோட்டில் அவர் சொல்ல நான் எழுதினேன். அறுவைக்குப் பின் அவர் முகத்தில் பெருமிதத்தைக் கண்டது அன்றுதான்.

கீரை பற்றி ஊரில் ஒரு தவறான எண்ணம் உண்டு. இம்மருந்து உண்பவர் கீரையைத் தொடவே கூடாது என்பார்கள். முருங்கை, அரைக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றில் வைட்டமின் கே மிகுதி என்பது உண்மை. ஆனால் வேண்டுவது மாறாத அளவு. வாரம் இரண்டு நாள் உண்பவர் எப்போதும் இரண்டு நாளே உண்ணலாம். ஒரு வாரம் ஐந்து நாள், மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றுவதுதான் கேடு. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும், கேள்விப்பட்ட நாட்டு மருந்தும் இதைவிட ஆபத்தானவை. மருத்துவரைக் கேளாமல் எதையும் சேர்க்கலாகாது.

வால்வின் ஒலியைச் சொல்ல மறக்கலாகாது. உலோக வால்வு மூடும்போது ‘டிக்’ என்று ஒலிக்கும். பிளாஸ்டிக் தகடு என்பதால் சித்ரா வால்வின் ஒலி மெல்லியது என்றாலும், மின்விசிறி நின்ற இரவில் கூர்ந்து கேட்டால் கேட்கிறது. சிலருக்கு இவ்வொலி உறக்கத்தையே கெடுக்கும். என் தாயாருக்கு அது துணையாகிவிட்டது.

2025 பொங்கலன்று, பதினெட்டு வாரம் கடந்து, மருத்துவர் அனுமதியுடன் பானையை அவரே இறக்கினார். சம்பா அறுவடைக்குப் பின் ஏப்ரலில் உளுந்து பறிக்கச் சென்றார். அரை நாள், அரைக் கூலி. கருக்கரிவாள் பிடிக்கும் வேலையைக் காயத்திற்கு அஞ்சி விட்டுவிட்டார். அவ்வாண்டு சம்பா நடவுக்கும் சென்றார். முன்பு வரிசையின் முனையில் நின்று மற்றவர்களை விரட்டி நடுபவர். இப்போது நடு ஆளாக நிற்கிறார். நோட்டின் கடைசிக் கேள்விக்கு அந்த வாரம் அவர் சொன்னது, “கால்ல சேறு பட்டுது, போதும்.”

சென்ற மாதம் அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் பிடுங்கும்போது வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இரத்தத்தில் கலந்து வால்வில் குடியேறக்கூடும். ஆதலால் முன்கூட்டியே ஆண்டிபயாடிக் மருந்து தர வேண்டும், உறைவுத் தடுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. வால்வின் வகை, அளவு, பொருத்திய நாள், உண்ணும் மருந்து ஆகியவை எழுதிய அட்டை அவர் சுருக்குப்பையில் எப்போதும் இருக்கும். நான் கல்லூரியில் இருந்த நேரத்தில் அவரே பல் மருத்துவரிடம் சென்று, வாயைத் திறப்பதற்கு முன் அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். பல் எடுத்த மறுவாரம் ஐ.என்.ஆர். 2.8.